கடைவாய்ப் பல் சொன்ன சாட்சி

அத்தியாயம் 14

புதன்கிழமை விடிந்ததும் இருசப்பன் கண்ணாடி முன்னால் நின்று, வெற்றிலைச் சுண்ணாம்பை விரலில் தொட்டு, வலது கன்னத்தில் வட்டமாக ஒரு பொட்டு வைத்துக்கொண்டார். வீங்கின கன்னத்தில் அது பூசணிக்காய்க்குத் திருஷ்டி கழித்த மாதிரி இருந்தது.

"இது இன்னா நைனா வேஷம்?" என்றாள் வினோதினி. ஸ்கூட்டர் சாவியைத் தேடிக்கொண்டிருந்தாள்.

"அடையாளம்."

"எதுக்கு?"

"வலது பக்கம், கீழ, கடைசிக்கு முந்தின பல்லு. டாக்டருங்க அவசரத்துல நல்ல பல்லப் புடுங்கிட்டு சாரின்னுவாங்க. மூட்டைக்கே அடையாளம் போட்டுத்தான் லாரி ஏத்தறோம். வாய்க்குப் போட வேணாமா?"

வினோதினி சிரிக்கவில்லை. அப்பாவோடு இருபத்துநாலு வருஷம் குடித்தனம் பண்ணினவளுக்குச் சிரிப்பு லேசில் வராது. வேங்கிக்கால் கலெக்டர் ஆபீசில் இளநிலை உதவியாளர். அரை நாள் பர்மிஷன் எழுதிக் கொடுத்துவிட்டு, இவரை இழுத்துக்கொண்டு போகிறாள்.

இருசப்பன் யாரையும் நம்புகிற ஜாதி இல்லை. உலகத்தில் முக்கால்வாசிப் பேர் பொய் சொல்கிறவர்கள், மீதிக் கால்வாசிப் பேருக்கு இன்னும் சந்தர்ப்பம் வரவில்லை என்பது அவர் கணக்கு. கீழ்பென்னாத்தூரில் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, உடைக்கிற மில்லை முப்பத்தெட்டு வருஷம் நடத்தினவர் வேறு எப்படி இருப்பார்?

மல்லாட்டை காய்ந்ததா இல்லையா என்று பார்க்க எல்லாரும் ஒரு காயை எடுத்துக் காதோரம் குலுக்குவார்கள். கலகலவென்றால் காய்ந்தது. இருசப்பன் அதையும் நம்ப மாட்டார். தோல் காய்ந்திருக்கும், உள்ளே பருப்பு பச்சையாக இருக்கும் என்பார். காயை உடைத்து, பருப்பை வலது கடைவாயில் வைத்து ஒரு கடி. டக்கென்று சத்தம் வந்தால் மூட்டை உள்ளே. சத்தம் வராவிட்டால் வெளியே.

அந்த ஒரு பல்லைத்தான் அவர் நம்பினார். அதுதான் எட்டு வருஷத்துக்கு முன்னால் அவர் தங்கச்சி வீட்டைப் பிரித்தது.

தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரிந்த கதைதான். அடி அண்ணாமலையிலிருந்து தங்கச்சி புருஷன் அப்பாசாமி ஒரு டிராக்டர் நிறைய மல்லாட்டையோடு மில்லுக்கு வந்தார். இருசப்பன் ஒரு பருப்பைக் கடித்தார். சத்தம் வரவில்லை. இன்னொன்று. வரவில்லை. இருபது பேர் நிற்கிற களத்தில், "ஈரம். எடை ஏறணும்னு தண்ணி தெளிச்சிக் கொண்ணாந்திருக்க மச்சான்" என்று சொல்லிவிட்டார்.

அப்பாசாமி ஒரு கை மல்லாட்டையை அள்ளி, அவர் காதோரம் குலுக்கிக் காட்டினாராம். "கேக்குதா மச்சான்? கேக்குதா?" என்றாராம்.

"என் பல்லு பொய் சொல்லாது" என்றார் இருசப்பன்.

டிராக்டர் திரும்பிப் போனது. அப்புறம் அந்த மனுஷன் இந்தக் களத்தில் கால் வைக்கவே இல்லை. இருசப்பன் பொண்டாட்டி செத்தப்போகூட ரோட்டோரம் நின்று, பாடை போனதும் அங்கிருந்தே பின்னால் நடந்து போனார்.

இப்போது அப்பாசாமி மகள் கவியாவுக்குக் கல்யாணம். தாய்மாமன்தான் பெண்ணுக்கு நெற்றியில் பட்டம் கட்டணும். போன வாரம் தங்கச்சி வெள்ளையம்மாள் போன் பண்ணிச் சொன்னாள்: "புதன்கிழமை பத்திரிகை எடுத்துக்கினு வரோம்ண்ணா. அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேக்குறாரு. ஈரம்னு சொன்ன அதே களத்துல, ஈரம் இல்லன்னு உன் வாயால சொல்லணும். சொல்லலன்னா நம்ம பெரியப்பா மகன் ஆதிமூலம் பட்டம் கட்டட்டும்னுட்டாரு."

இருசப்பன் ஒரு நாள் முழுக்க யோசித்தார். தங்கச்சி மேல் ஆசை இல்லாமல் இல்லை. கவியா பிறந்தப்போ முதல் சர்க்கரைத் தண்ணி வைத்தது இவர் விரல்தான். ஆனால், ஈரத்தைக் காய்ந்தது என்று எப்படிச் சொல்வது? அது பொய் ஆகாதா? கடைசியில், "பொய் சொல்லி நான் பட்டம் கட்ட மாட்டேன்" என்று மகளிடம் சொல்லிவிட்டுப் படுத்தார். அன்றைக்கு ராத்திரிதான் பல் வலி பிடித்தது.

கிராம்பு வைத்தார். உப்பு வைத்தார். சாராயத்தில் பஞ்சு நனைத்து வைத்துப் பார்க்கச் சொன்னான் மில் மெக்கானிக் ஜானி பாஷா. "நீ குடிக்க மாட்டியே, உனக்கு எப்படித் தெரியும்?" என்று அவனையும் சந்தேகப்பட்டார்.

வலி யாருக்கும் பயப்படாது.

* * *

திருவண்ணாமலையில் தேரடிக்கு இந்தப் பக்கம், மாடியில் ஒரு பல் ஆஸ்பத்திரி. டாக்டர் பொண்ணுக்கு முப்பது வயசு இருக்கும். பிர்தௌஸ் என்று பெயர். இருசப்பன் உள்ளே போனதும் டாக்டர் முகத்தைப் பார்க்கவில்லை. சுவரில் மாட்டியிருந்த சர்ட்டிபிகேட்டைத்தான் பார்த்தார். இங்கிலீஷ் படிக்கத் தெரியாது. ஆனாலும் சீல் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டார்.

"உக்காருங்க ஐயா. கன்னத்துல இன்னா?"

"அந்தப் பல்லுதான்னு அடையாளம்" என்றாள் வினோதினி தலையைக் குனிந்துகொண்டு.

டாக்டர் குனிந்து பொட்டைப் பார்த்தது. அப்புறம், "நல்லதாப் போச்சு, தேடற வேலை மிச்சம்" என்று சொல்லிப் பஞ்சால் துடைத்துவிட்டது. "காலைல சாப்பிட்டீங்களா?"

"பச்சத் தண்ணி படல" என்றார் இருசப்பன் பெருமையாக. "ஆப்பரேசன்னா வெறும் வயிறுன்னு தெரியாதா?"

"சுகர் இருக்கா? மாத்திரை போட்டீங்களா?"

"அத மட்டும் போட்டேன்."

"மாத்திரை போட்டுட்டு வெறும் வயித்துல ஊசி வாங்கினா இங்கயே மயங்கி விழுவீங்க. கீழ போய் நாலு இட்லி சாப்பிட்டு வாங்க."

எந்த டாக்டர் நோயாளியைச் சாப்பிட அனுப்புவார்? கீழே ஓட்டலில் இட்லியைப் பிட்டு இடது பக்கமாக ஒதுக்கி விழுங்கிக்கொண்டே, "இது நேரத்த இழுத்து இன்னா பண்ணப் போவுதோ" என்றார்.

"நைனா, அவங்க தாத்தா ஈயம் பூசுன சமீர் பாய். உனக்குத் தெரியும்."

இருசப்பன் பிட்ட இட்லி நின்றது. "கடைத்தெருவுல, வண்டிக்காரன் சத்திரத்துக்கு எதுத்தாப்புல இருந்தாரே, அவரா?"

"அவரேதான்."

"அந்த மனுஷன் பூசுன ஈயம் ஏழு வருஷம் கருக்காது" என்றார். நாலாவது இட்லியைக் கேட்டு வாங்கிக்கொண்டார்.

* * *

நாற்காலி பின்னால் சாய்ந்தது. ஊசி ஈறில் எறும்பு கடித்த மாதிரி குத்தியது. அப்புறம் உதடு தடித்தது. கன்னம் தடித்தது. பாதி முகத்தை யாரோ இரவல் வாங்கிக்கொண்டு போன மாதிரி ஆனது.

மூன்று ராத்திரித் தூக்கம் எங்கேயோ காத்துக்கொண்டிருந்தது போலிருக்கிறது. வலி விலகினதும் அது மெல்ல மேலே வந்து உட்கார்ந்தது.

ஜன்னல் முழுக்க மலை. இத்தனை வருஷமாகப் பார்க்கிற மலைதான். படுத்துக்கொண்டு பார்த்தப்போ வேறு மாதிரி இருந்தது. அடி அகலம், மேலே குண்டும் குழியும். பூமியோட கடைவாயில் முளைத்த பல் மாதிரி நின்றது. அதைச் சுற்றி எறும்பு எறும்பாக ஜனங்கள் நடக்கிறார்கள். எந்தக் குறடு போட்டு இதைப் பிடுங்குவார்கள் என்று நினைத்தார். சிரிப்பு வந்தது. சிரிப்பு பாதி முகத்தில்தான் வந்தது.

"மரத்துப்போச்சா ஐயா?"

தலையாட்டினார்.

வலி இல்லை. சத்தம் மட்டும்தான் இருந்தது. காய்ந்த களத்தில் மாட்டு முளையை ஆட்டி ஆட்டிப் பிடுங்குகிற சத்தம். மண் நெகிழ்வது மாதிரி மண்டைக்குள்ளே ஏதோ நெகிழ்ந்தது. மாடு ஒன்று கயிறு அறுத்துக்கொண்டு மெதுவாக நடந்து போனது. எங்கே போகிறது என்று பார்ப்பதற்குள், டாக்டர் குரல் கேட்டது.

"வந்துடுச்சு. கடிங்க. கெட்டியாப் பஞ்சக் கடிங்க."

கடித்தார்.

"இப்ப மணி பதினொண்ணு பத்து. பன்னெண்டு பத்து வரைக்கும் வாயத் தொறக்கக் கூடாது. பேசக் கூடாது. துப்பக் கூடாது. குழியில ரத்தம் கட்டி உறையணும். நடுவுல பஞ்ச எடுத்தா மறுபடி கொட்டும்."

தலையாட்டினார். ஆனாலும் விரலை நீட்டினார். பல்லைக் காட்டு என்று அர்த்தம். சரியான பல்லைத்தான் பிடுங்கினார்களா என்று பார்க்க வேண்டாமா?

டாக்டர் கழுவி, உள்ளங்கையில் வைத்துக் காட்டியது. நினைத்ததைவிடச் சின்னது. இவ்வளவு பேரை வாழ வைத்ததும், விலக்கி வைத்ததும் இதுதானா என்று இருந்தது.

"இந்தக் கோடு தெரியுதா?" டாக்டர் ஒரு கம்பியால் தொட்டுக் காட்டியது. பல்லின் நடுவில், மேலிருந்து வேர் வரைக்கும், ஒரு கருப்பு மயிர் மாதிரி. "வெடிப்பு. இப்ப ஆனது இல்ல. உள்ள கருத்துப் போயிருக்கு பாருங்க, பல வருஷம் ஆயிருக்கும். தாடையில எப்பவாச்சும் பலமா அடி பட்டுதா?"

இருசப்பனால் பேச முடியாது. வினோதினிதான் பேசினாள்.

"பட்டுது டாக்டர். மில்லு பெல்ட் அறுந்து மூஞ்சில அடிச்சிது. எட்டு வருஷம் ஆச்சு. நான் அப்ப டென்த் பரீட்சை எழுதிக்கினு இருந்தேன். கணக்குப் பரீட்சை அன்னிக்கு."

"அப்பத்தான் வெடிச்சிருக்கும். வெடிச்ச பல்லுல எதக் கடிச்சாலும் சரியா இருக்காது. பொதக் பொதக்குன்னுதான் இருக்கும். நீங்க பானை வாங்கறப்ப தட்டிப் பாப்பீங்க இல்ல? வெடிச்ச பானை கணீர்னா கேக்கும்?"

வினோதினி ஏதோ சொல்ல வாயெடுத்தாள். நிறுத்தினாள். விரலை மடக்கினாள். கணக்கு. நடுவில் ஒரு ஞாயிறு. அறிவியல். அப்புறம் ஒரு நாள் லீவு. அப்புறம் சமூக அறிவியல்.

"நைனா" என்றாள். குரல் மாறிவிட்டது. "சோசியல் பரீட்சை எழுதிட்டு வீட்டுக்கு வரேன், மாமா டிராக்டர் எதுக்க திரும்பிப் போவுது. மாமா என்னைப் பாத்தும் நிறுத்தல. பெல்ட் அடிச்சி நாலே நாள்தான் நைனா ஆயிருந்தது."

இருசப்பன் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

பெல்ட் அறுந்து நாலு நாள் மூடியிருந்த மில்லுக்கு முதலில் வந்தது அப்பாசாமி டிராக்டர்தான். அது திரும்பிப் போன அன்றைக்கு மாலையிலிருந்தே வலது பக்கம் கூசியது. அதற்கப்புறம் அவர் இடது பக்கம் கடிக்க ஆரம்பித்தார். யாருக்கும் சொல்லவில்லை. பல் கூசுகிறது என்று தெரிந்தால், 'இருசப்பன் பல்லு போச்சு, இனிமே இவன ஏமாத்தலாம்' என்று ஊர் கிளம்பிவிடும். வெடிச்ச பல்லில் அவர் கடித்துத் தீர்ப்புச் சொன்னது ஒரே ஒரு லோடுக்குத்தான். அது அப்பாசாமி லோடு.

கண்ணோரம் தண்ணீர் இறங்கிக் காதுக்குள் போனது.

"வலிக்குதா ஐயா?"

இல்லை என்று தலையாட்டினார். அந்தப் பல்லைக் கொடு என்று கையை நீட்டினார்.

டாக்டர் ஒரு சின்ன பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடிக் கொடுத்தது.

* * *

ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து கீழ்பென்னாத்தூர் வருகிற வழி முழுக்க அவர் இந்த உலகத்தில் இல்லை. கன்னத்தைச் சுற்றித் துண்டு. மடியில் டப்பா. ரோட்டோரத்துப் புளிய மரங்கள் ஒவ்வொன்றாக வந்து, எட்டிப் பார்த்து, பின்னால் போயின. திரும்பிப் பார்த்தால் மலை கூடவே வந்துகொண்டிருந்தது.

"தூங்கி விழுந்துடாத நைனா. தோளப் புடிச்சிக்கோ."

பிடித்துக்கொண்டார்.

"அத்தைக்கு போன் பண்ணிச் சொல்லட்டுமா? பல்லு விஷயத்த?"

முதுகில் ரெண்டு தட்டு தட்டினார். வேண்டாம் என்று அர்த்தம். இவர் வாயால் போட்ட பழியை இன்னொருத்தர் போனில் திருப்பி எடுப்பதா?

மில் களத்தில் இறங்கினப்போ பதினொன்றே முக்கால். தகரக் கொட்டகை நிழலில் ஐந்தாறு பொம்பளைங்க சொத்தைப் பருப்பு பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். ஜானி பாஷா மோட்டாரைத் துடைத்துக்கொண்டிருந்தான். வினோதினி அவனிடம், "பன்னெண்டு பத்து வரைக்கும் இவரு பேசக் கூடாது பாய், பாத்துக்கோங்க. நான் போய் மாத்திரையும் ஐஸ்கிரீமும் வாங்கிக்கினு வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

"முதலாளி பேச மாட்டாரா?" ஜானி பாஷா பொம்பளைங்க பக்கம் திரும்பினான். "மில்லுக்கே லீவு விட்ட மாதிரி இருக்கும்மா. யாராச்சும் கூலி ஏத்திக் கேக்கறதுன்னா இப்பவே கேட்டுக்கோங்க. மாட்டேன்னு சொல்ல முடியாது."

களம் சிரித்தது. இருசப்பன் கட்டிலில் சாய்ந்தார். கண் சொருகிக்கொண்டு போனது.

மல்லாட்டை மழை பெய்தது. கூரை மேல், ரோடு மேல், மலை மேல். எல்லாம் காய்ந்த காய். விழுகிற ஒவ்வொன்றும் கலகல, கலகல என்றது. அப்பாசாமி நடுவில் நின்றுகொண்டு ரெண்டு கையையும் ஏந்திக்கொண்டிருந்தார். எட்டு வருஷத்துக்கு முன்னால் போட்டிருந்த அதே கட்டம் போட்ட சட்டை. "கேக்குதா மச்சான்?" என்றார். கேக்குது, கேக்குது என்று இருசப்பன் கத்தினார். வாய் திறக்கவில்லை. வாய் முழுக்கப் பஞ்சு. பஞ்சு வளர்ந்துகொண்டே போனது.

"அண்ணா."

கண்ணைத் திறந்தார். வெள்ளையம்மாள் நின்றுகொண்டிருந்தாள்.

பச்சைப் பட்டுப் புடவை. கையில் எவர்சில்வர் தாம்பாளம். வெற்றிலை, பாக்கு, பழம், மஞ்சள் குங்குமம், மேலே பத்திரிகை. களத்து வாசலுக்கு வெளியே, ரோட்டில், ஒரு வேன் நின்றது. முன் சீட்டில் அப்பாசாமி. அந்தப் பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்தார். தலை பஞ்சாக வெளுத்துவிட்டிருந்தது.

"பல்லு புடுங்கியிருக்காங்கம்மா" என்றான் ஜானி பாஷா. "பன்னெண்டு பத்து வரைக்கும் பேசக் கூடாதாம்."

வெள்ளையம்மாள் அண்ணன் கன்னத்தைப் பார்த்தாள். கை தானாக நீண்டது. தாம்பாளம் சாயவும், பிடித்துக்கொண்டாள்.

"ஏண்ணா, இன்னிக்கா புடுங்கணும்? பன்னெண்டுக்கு ராகு காலம் பொறக்குது. அதுக்குள்ள தட்டக் குடுத்தாகணும். ராகு காலத்துல மங்கலத் தட்டு கை மாறக் கூடாது. ஒண்ணரை மணி வரைக்கும் அவரு இங்க நிக்க மாட்டாரு. இங்க வரைக்கும் இட்டாரவே எனக்கு உசுரு போச்சு."

இருசப்பன் கொட்டகைக் கடிகாரத்தைப் பார்த்தார். பதினொன்று ஐம்பத்திரண்டு.

தலையை வேகமாக ஆட்டினார். சரி, சரி என்று ஆட்டினார்.

வெள்ளையம்மாளுக்கு முகம் மலர்ந்தது. ரோட்டைப் பார்த்து, "தலையாட்றாருங்க!" என்று கூவினாள்.

வேனிலிருந்து குரல் வந்தது. முகம் திரும்பவில்லை, குரல் மட்டும்தான் வந்தது. "தலையாட்டிச் சொல்லல அன்னிக்கு. வாயால போனது வாயாலதான் திரும்பி வரணும்."

"அவரால பேச முடியலங்க! பல்லு..."

"முடியலன்னா சரி. ஆதிமூலம் வீட்டுக்குப் போலாம், ஏறு."

பருப்பு பொறுக்கிய கைகள் நின்றுவிட்டன. எட்டு வருஷத்துக்கு முன்னால் நின்ற இருபது பேரில் மூணு பேர் இந்தப் பொம்பளைங்களில் இருந்தார்கள்.

இருசப்பனுக்கு அப்போது ஒரு யோசனை தோன்றியது. சாட்சியைக் காட்டினால் போதாதா? மனுஷன் வாய் பொய் சொல்லும். பொருள் பொய் சொல்லுமா? மடியிலிருந்து டப்பாவை எடுத்தார். மூடியைத் திறந்தார். கருப்புக் கோடு தெரிகிற மாதிரித் திருப்பி, தாம்பாளத்தில், வெற்றிலை மேல், பத்திரிகைக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஐயய்யோ!" வெள்ளையம்மாள் தட்டைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ரெண்டடி பின்னால் போனாள். "மஞ்சள் குங்குமத் தட்டுல எடுத்த பல்ல வெக்கிறியே! ரத்தம் சொட்டச் சொட்ட! என் பொண்ணு கல்யாணத் தட்டுண்ணா இது!"

"அல்லா" என்றான் ஜானி பாஷா.

பொம்பளைங்க வாயில் கை வைத்துக்கொண்டார்கள். ஒருத்தி, "பேச முடியாத மனுஷன் பண்றதப் பாரு" என்றாள்.

வேன் கதவு தடாலென்று திறந்தது. அப்பாசாமி ஒரு காலை ரோட்டில் வைத்து நின்றார். அவர் கண்ணுக்கு, தட்டில் என்ன இருக்கிறது என்பது தெரிந்துவிட்டது. முகம் செத்துப்போனது.

"போதும்" என்றார். "வெள்ளையம்மா, வா. பேசலன்னாலும் சொல்ல வேண்டியதச் சொல்லிட்டாரு."

அவள் அழுதுகொண்டே திரும்பினாள்.

பதினொன்று ஐம்பத்தாறு.

இருசப்பன் எழுந்து நின்றார். டாக்டர் சொன்னது ஞாபகம் இருந்தது. அது சமீர் பாய் பேத்தி, பொய் சொல்லாது. நடுவில் எடுத்தால் கொட்டும். கொட்டட்டும்.

வாயில் விரலை விட்டுப் பஞ்சை எடுத்து எறிந்தார்.

"மச்சான்!"

பாதி வாய்தான் பேசியது. பாதி வாய் மரக்கட்டையாக நின்றது. ஆனாலும் மில் ஓடுகிறப்போ கத்திப் பழகின குரல். களம் தாண்டி, ரோடு தாண்டி, எதிர்ச் சாரி உரக்கடை வரைக்கும் போனது.

"அது ஈரம் இல்ல! காஞ்ச மல்லாட்டை! உன் மல்லாட்டை காஞ்சிதான் இருந்தது!"

உதட்டோரம் சூடாக இறங்கியது. துடைக்கவில்லை.

"என் பல்லுதான் வெடிச்சிருந்தது! பெல்ட் அடிச்சி வெடிச்ச பல்லு. அத வெச்சிக் கடிச்சிட்டு உன்ன திருடன்னு சொல்லிட்டேன். கேட்டுக்கோங்கம்மா எல்லாரும். டாக்டர் இன்னிக்குத்தான் காட்டிச்சி. தட்டுல அதத்தான் வெச்சேன். சாபம் வெக்கல, சாட்சி வெச்சேன்."

வெள்ளைச் சட்டையின் மார்பில் ரத்தம் பொட்டுப் பொட்டாக விழுந்தது. நிற்க முடியாமல் கட்டிலைப் பிடித்துக்கொண்டார்.

வெள்ளையம்மாள் தட்டை மூட்டை மேல் வைத்துவிட்டு ஓடி வந்தாள். பட்டுப் புடவை என்றும் பார்க்காமல் முந்தானையைச் சுருட்டி அவர் வாயில் வைத்து அமுக்கினாள்.

"வாய மூடு. போதும், மூடு. அட பாவி, இந்த நாலு வார்த்தைக்கா எட்டு வருஷம்?"

அவர் ஏதோ சொல்லப் பார்த்தார்.

"மூடுன்றேன் இல்ல!"

ஜானி பாஷா டாக்டர் கொடுத்தனுப்பின கவரில் இருந்த புதுப் பஞ்சைப் பிரித்து நீட்டினான். வாங்கிக் கடித்தார். தலை சுற்றியது. களம் மெதுவாகச் சாய்ந்து, மறுபடி நேராக நின்றது. பொம்பளைங்க, மூட்டைகள், மோட்டார் எல்லாம் தண்ணிக்குள் இருக்கிற மாதிரி அசைந்தன.

அந்த அசைவுக்கு நடுவில் அப்பாசாமி நடந்து வந்தார்.

முதலில் வாசலில் நின்றார். கீழே பார்த்தார். அப்புறம் வலது காலை எடுத்துக் களத்துக்குள் வைத்தார். கனவோ என்று இருசப்பன் ரெண்டு தரம் கண்ணை மூடித் திறந்தார். கட்டம் போட்ட சட்டை இல்லை. இன்றைக்கு வெள்ளை. அப்படியென்றால் நிஜம்தான்.

அப்பாசாமி இவர் முகத்தைப் பார்க்கவில்லை. நேராக மூட்டை மேல் இருந்த தட்டுக்குப் போனார். பல்லை ரெண்டு விரலால் எடுத்தார். வெயிலில் பிடித்து, திருப்பித் திருப்பி அந்தக் கோட்டைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். மல்லாட்டை விதை எடுக்கிற மனுஷன் அப்படித்தான் பார்ப்பார்.

கீழே கிடந்த டப்பாவைக் குனிந்து எடுத்தார். பல்லை அதில் போட்டு மூடினார்.

காதோரம் வைத்துக் குலுக்கினார்.

கட கட கட.

பொம்பளைங்க எழுந்து நின்று பார்த்தார்கள். அவர் தலையைச் சாய்த்து, கண்ணை மூடி, இன்னொரு தரம் குலுக்கிக் கேட்டார்.

"இன்னும் காயல" என்றார்.

யாருக்கும் ஒன்றும் புரியவில்லை. இருசப்பனுக்குப் புரிந்தது, காயாதது பல் இல்லை என்று. வலது கை தானாக எழுந்து கும்பிடப் போனது. அப்பாசாமி அதற்குள் டப்பாவைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"வெள்ளிக்கிழமை பந்தக்கால் நடறோம். அதுக்குள்ள காஞ்சா சொல்லி அனுப்பறேன்."

கொட்டகைக் கடிகாரம் பன்னிரண்டு அடித்தது.

வெள்ளையம்மாள் தட்டை எடுத்தாள். பல் பட்ட வெற்றிலையை மட்டும் உருவிக் கீழே போட்டாள். ராகு காலம் பிறந்துவிட்டது. தட்டு கை மாற முடியாது. புருஷனைப் பார்த்தாள், அண்ணனைப் பார்த்தாள். ஈர முந்தானையைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டு, பத்திரிகையோடு வேனில் போய் ஏறிக்கொண்டாள்.

வேன் கிளம்பியது. அது திருப்பத்தில் மறையும் வரைக்கும் கட கட என்ற சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது மாதிரி இருந்தது இருசப்பனுக்கு. வேன் சத்தமாகவும் இருக்கலாம்.

வினோதினி வந்தாள். கையில் ஐஸ்கிரீம் பாதி உருகியிருந்தது. சட்டையைப் பார்த்தாள்.

"இன்னா நைனா இது? பேசினியா? அத்தை வந்தாங்களா? பத்திரிகை எங்க?"

அவர் பஞ்சைக் கடித்துக்கொண்டு தலையை இல்லை என்று ஆட்டினார்.

"அந்தப் பல்லு எங்க?"

ரோட்டைக் காட்டினார்.

அவள் வெறும் ரோட்டைப் பார்த்தாள். ஜானி பாஷாவைப் பார்த்தாள். அவன், "முதல்ல அந்த ஐஸ கன்னத்துல வெய் பாப்பா, அப்பறம் சொல்றேன்" என்றான்.

இருசப்பன் கட்டிலில் சாய்ந்தார். கொட்டகைத் தூண்களுக்கு நடுவே தூரத்தில் மலை நீலமாகத் தெரிந்தது. அதுக்கு அந்தப் பக்கம் அடி அண்ணாமலை. இந்நேரம் வேன் பாதி வழி போயிருக்கும். ஒரு மனுஷன் சட்டைப் பையில் தன் பல் போய்க்கொண்டிருக்கிறது என்பது நினைக்க நினைக்க விசித்திரமாக இருந்தது. தானே பாதி அங்கே போய்க்கொண்டிருக்கிற மாதிரி.

வெள்ளிக்கிழமைக்கு நடுவில் ஒரே ஒரு நாள்தான் இருந்தது. ஒரு பல் காய எத்தனை நாள் ஆகும்? மல்லாட்டைக்குத் தெரியும். பல்லுக்குத் தெரியாது.

மகள் ஐஸை வைத்தாள். மரத்துப்போயிருந்த பாதி முகத்தில், எங்கேயோ ஆழத்தில், வலி மெல்லக் கண் விழித்தது.